இராத்தங்கலியல்: ஜார்ஜிய உப்பங்கழிகளை முன்வைத்து

‘ஆயிரம் இடங்கிடப்பினும் பின்வந்தோன் முன்வந்தோனை ஒட்டியே நங்கூரம் பாய்ச்சும்’ என்பது இவ்வியலின் முதல் நூற்பா. இயற்றியவன் யான். உரையும் யானே. மறுப்பதற்கு வேறு ஆள் இல்லாமையால் அப்பணியும் என் தலையில்.

களம் கூறுதும். அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி, பெருங்கடலுக்குள் போகாமலே படகோட்ட ஓர் உள்நீர்வழி உண்டு. வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் 0 மைல் என்று எண்ணத் தொடங்கினால் மயாமிக்கு வரும்போது ஏறத்தாழ 1,090 ஆகும். அதில் ஜார்ஜியா மாநிலத்துப் பகுதியைக் கொண்டோம். அங்கே ஓதம் 7 முதல் 9 அடி வரை ஏறி இறங்கும். படகோட்டிகளின் சாயமும் கூடவே வெளுக்கும்.

பகல் பயணத்தைப் பற்றி விரிக்க அதிகமில்லை. காலையில் சவன்னாவை அடுத்த தண்டர்போல்ட்டில் புறப்படும் படகு, ஹெல் கேட் என்னும் ஆழங்குறைந்த வழியை நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்துக் கடந்து, பிற்பகலில் செயின்ட் கேத்தரின்ஸ் தீவை ஒட்டிய வால்பர்க் ஓடைக்கு வரும். இருபுறமும் சதுப்புப் புல். அப்புறமும் புல்.

அற்றேல் ஆராய்ச்சி எங்கே தொடங்கும் எனின், நங்கூரத்தில் என்க. இது அறிவியல் அன்று என்பார் வாய் மூடுக: பாய்ம இயக்கவியலில் பெரும்பெயர் பெற்ற கேம்பிரிட்ஜின் ஜி. ஐ. டெய்லரே 1933இல் ஏர்க்கொழு வடிவ நங்கூரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கணக்கும் உண்டு. வற்றில் ஆழம் 8 அடி, ஏறப்போகும் ஓதம் 8 அடி, நீர்மட்டத்திலிருந்து அணியத்தின் உயரம் 4 அடி, ஆக 20. இதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு சங்கிலி விடவேண்டும். ஆழமானி காட்டிய எட்டை மட்டும் ஐந்தால் பெருக்கி 40 அடி விட்டவருக்கு, ஓதம் உச்சம் தொடும் நள்ளிரவில் இரண்டு மடங்கே மிஞ்சும். மறுநாள் காலை அவர் எந்தப் புல்லில் விழிப்பார் என்பது தனி ஆய்வு.

ஆறு மணி நேரத்துக்கொரு முறை நீரோட்டம் திரும்பும், படகும் திரும்பும். அடிக்கட்டை ஆழ்ந்த பாய்மரப் படகு நீரின் பேச்சைக் கேட்கும், மாடி வைத்த மோட்டார் படகு காற்றின் பேச்சைக் கேட்கும். இரண்டும் அருகருகே கிடந்தால் நடுராத்திரியில் உறவாகும். இதை அறிந்தும் பின்வந்தோன் ஒட்டியே வருகிறானே, ஏன்?

காண்டல், கருதல், உரை என அளவை மூன்று. கடல்வரைபடம் உரை, மணல்திட்டுகளோ அதைப் படிப்பதில்லை. ஆழமானி காண்டல், அது படகின் அடியில் இருப்பதை மட்டுமே சொல்லும். எஞ்சியது கருதல்: ‘அங்கே ஒருத்தன் நிற்கிறான், அடிமண் பிடிக்காமலா நிற்பான்?’ முன்வந்தோன் இடுப்பில் இரு கை ஊன்றி அணியத்தில் வந்து முறைப்பது, ‘கிட்டே வராதே’ என்பதற்கு உலகப்பொதுக் குறி. அதையும் பின்வந்தோன் வரவேற்பு என்றே கொள்கிறான். (கணவன் சுக்கானிலும் மனைவி அணியத்திலும் நின்று எஞ்சின் இரைச்சலை மீறிக் கத்திக்கொள்ளும் உரையாடல், நாகரிகம் கருதி இங்குத் தொகுக்கப்படவில்லை.)

மறுப்பு: முன்வந்தோன் நங்கூரமே பாய்ச்சாமல் தரைதட்டி நிற்கவும் கூடுமன்றோ? கூடும். நங்கூரமிட்ட கலம் பகலில் ஒரு கரும்பந்தைக் காட்டவேண்டும், தரைதட்டியது மூன்றைக் காட்டவேண்டும் என்பது விதி. ஆனால் 12 மீட்டருக்குக் குறைந்த படகு தரைதட்டினால் பந்து காட்டத் தேவையில்லை என்று அதே விதி மானத்தையும் காக்கிறது. ஆகவே அவர் நாற்காலி போட்டு, காப்பி கலந்து, வேண்டுமென்றே அங்கு தங்கியவர்போல் ஓதத்துக்குக் காத்திருக்கலாம். அவரை நம்பிப் பக்கத்தில் வந்தவரும் சேற்றில் அமர்ந்தபின் நாற்காலியை எடுக்கலாம். இரண்டு படகு நிற்கும் இடம் ஒரு படகு நிற்கும் இடத்தைவிட இருமடங்கு நம்பகமானது என்பதால், மூன்றாமவர் இந்நேரம் வேகத்தைக் குறைத்திருப்பார்.