பந்தி இல்லாத மொய்

கொட்டாம்பட்டியில் ஒரு காதுகுத்து. மண்டப வாசலில் கம்ப்யூட்டரில் மொய் பதிந்து கையோடு ரசீது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற உதவிப் பேராசிரியர், ஒரு தனியார் பொறியியல் கல்லூரிக்காரர், பெருமூச்சு விட்டார். "எங்க காலேஜ்லயும் இதேதான் சார் நடக்குது. பந்திதான் கிடையாது."

அவர் சொன்னது சைட்டேஷனை. என் ஆய்வுக் கட்டுரையில் உங்கள் கட்டுரையைக் குறிப்பிட்டால் உங்கள் கணக்கில் ஒன்று ஏறும். அடுத்த விசேஷத்தில் நீங்கள் திருப்பிச் செய்துவிட வேண்டும். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச்-இண்டெக்ஸ் என்றொரு கணக்கைச் சொன்னார். உங்களுடைய பத்துக் கட்டுரைகளைத் தலா பத்துப் பேராவது எடுத்தாண்டிருந்தால் உங்கள் எண் பத்து. நம் நிர்வாகங்கள் தராசிலிருந்து ஆளை இறக்கிவிட்டு அந்த எண்ணை ஏற்றி உட்கார வைத்துவிட்டன. இன்க்ரிமெண்ட்டும் அதற்குத்தான், கல்லூரி வாசல் பிளெக்ஸும் அதற்குத்தான்.

2024-இல் அமெரிக்காவில் லாரி என்ற பூனையின் பெயரில் 12 வெற்றுக் கட்டுரைகளை ஏற்றி, அவற்றுக்கு 132 சைட்டேஷன்களும் சேர்த்துக் காட்டினார்கள் இரண்டு ஆய்வாளர்கள். சைட்டேஷன் சந்தை எவ்வளவு மலிவு என்று அம்பலப்படுத்தத்தான். பூனையின் எச்-இண்டெக்ஸ் 11. நம்மூரில் பல துறைத்தலைவர்களுக்கு அது சீனியர். எலி பிடிக்கவும் தெரியும் என்பது கூடுதல் தகுதி.

நம் பேராசிரியரின் துறை கம்ப்யூட்டர் விஷன், அதாவது இயந்திரத்துக்குக் கண் கொடுப்பது. நான்குவழிச் சாலையில் குறுக்கே வரும் ஆடுமாடுகளைக் கண்டறிவதைப் பற்றி அவர் பெயரிலும் ஒரு கட்டுரை உண்டு. படங்கள் எங்கே எடுத்தது? ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் எடுத்து 2012-இல் வெளிவந்த கிட்டி என்ற தொகுப்பிலிருந்து இறக்கியது. அதில் கார் உண்டு, வேன் உண்டு, டிராம்கூட உண்டு. மாடு என்று ஒரு வகையே இல்லை.

"அப்புறம் எப்படி சார்?"

"மாடே இல்லாத ரோட்டுல மாடு இல்லைன்னு மிஷின் சொல்லிருச்சு. 99 சதவீதம் கரெக்ட்."

காப்பியடித்தது தெரியாமலிருக்க வார்த்தைகளை மாற்றிப் போடும் மென்பொருளும் இருக்கிறது. அதில் போட்டு எடுத்த கட்டுரைகளை 2021-இல் கியோம் கபனாக் என்ற ஆய்வாளரின் குழுவினர் கையும் களவுமாகப் பிடித்தார்கள். 'சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'கொடிக்கும் கலவரத்துக்கும் உள்ள விகிதம்' என்ற பொருளில் ஆங்கிலம் இருந்தது! மாநாட்டுப் பந்தலுக்குப் பொருந்தலாம். இதைப் படித்துத் திருத்தியதாகக் கையெழுத்துப் போட்ட பண்டிதர்கள் எதைப் படித்தார்கள்?

வேலை செய்ய நினைத்தவர்கள் செய்துதான் இருக்கிறார்கள். ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.காரர்கள் ஹைதராபாத், பெங்களூரு சாலைகளில் கேமராவோடு அலைந்து 10,000 படங்களில் 34 வகைகளைப் பிரித்துக் குறித்தார்கள். ஆட்டோ ரிக்‌ஷாவுக்கு அதில் தனி இடம். ஒரு ஆய்வின் தாக்கம் என்பது, நம் தெருவை ஒரு இயந்திரம் முதன்முதலாக அடையாளம் கண்டுகொள்வதுதான்.

பேராசிரியரிடம் படித்த இந்த ஊர்ப் பெண் ஒருத்தியும் அப்படித்தான் கிளம்பினாள். மூன்று மாதம் வெயிலிலும் மழையிலும் சாலையோரம் நின்று, ஆட்டு மந்தை கடப்பதைச் செல்போனில் படம் பிடித்தாள். நிர்வாகம் ஒரே கேள்விதான் கேட்டது: "ஆட்டுக்கு யாரும்மா சைட்டேஷன் குடுப்பா?" இப்போது மதுரையில் ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து, வெளிநாட்டுச் சாலைப் படங்களில் காரைச் சுற்றிக் கட்டம் போடுகிறாள். கூலி கட்டத்துக்கு இவ்வளவு என்று.

கல்லூரிகளின் தேசியத் தரவரிசையில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு 2025 முதல் மதிப்பெண் குறைக்கிறார்கள். நல்லது. ஆனால் கட்டுரைகளை எண்ணியே கல்லூரிகளை ஓடவிட்டதும் இதே தரவரிசைதானே ஐயா? கோழிக் கூட்டைத் திறந்துவைத்துவிட்டு, நரி போன பிறகு இறகை எண்ணி அபராதம் போடுகிறீர்கள்.

வரிசை நகர்ந்து அவர் முறை வந்தது. ஐந்நூறு ரூபாயை நீட்டிப் பெயரைச் சொன்னார்.

"ஊரு?" என்றான் பையன்.

"கொட்டாம்பட்டின்னு போடுப்பா. நம்ம பேப்பர்லதான் ஊரே இல்லாமப் போச்சு."