வேட்டியின் சர்வீஸ் புக்

எங்கள் வீட்டில் வேட்டி சாவதில்லை. பதவிதான் இறங்கும்.

வாங்கிய புதிதில் அது கல்யாணம் காட்சிக்கு மட்டும் போகும். பந்தியில் ரசம் கொட்டி, இனி இந்தக் கறை போகாது என்று ஊர்ஜிதமான நாளில் கோயிலுக்கு மாற்றல். பிறகு வீட்டுக்கட்டு. நைந்து இழை தெரிய ஆரம்பித்ததும் அம்மா அதை நாலாகக் கிழிப்பாள். ஒரு துண்டு தலை துவட்ட. ஒன்று மாடியில் வடகம் பிழிய; காய்ந்தபின் துணியைத் திருப்பிப் போட்டுத் தண்ணீர் தெளித்தால் வடகம் பொலபொலவென்று உரியும், புதுத் துணியென்றால் உரியாமல் உயிரை வாங்கும் என்பது அம்மாவின் அனுபவம். ஒன்று பட்டுச்சேலையைச் சுற்றி வைக்க பீரோவுக்கு டெபுடேஷனில் போகும். மிச்சமிருப்பது நேராக அடுப்படிக்கு, கரித்துணியாக. கரித்துணி கிழிந்தால் சைக்கிள் செயின் துடைக்க. கடைசியில், கொல்லையில் தக்காளிச் செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டும் நாடா. கூட்டுறவுத் துறையில் 31 வருஷம் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். இவ்வளவு நீளமான சர்வீஸ் புக் எங்கள் ஆபீசில் ஒருத்தருக்கும் கிடையாது.

இப்படிப்பட்ட அம்மாவிடம்தான், ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், "இனிமே நம்ம வீட்ல துணிமணி விஷயத்துல சிக்கனமா, சுற்றுச்சூழல் கெடாம நடந்துக்கணும்" என்று நான் அறிவித்தேன்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

எனக்கு ஞானம் யூடியூப்பில் வந்தது. ஒரு பருத்தி டி-சர்ட்டுக்கு, பஞ்சு விளைவதிலிருந்து கணக்குப் பார்த்தால், சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றார்கள். குரலைத் தாழ்த்தி, துக்கம் விசாரிக்கிற தோரணையில் இதை அம்மாவிடம் சொன்னேன்.

"அத்தனை தண்ணி குடிச்ச துணியவா, ஒரு வாட்டி போட்டுட்டு மறுக்காவும் தண்ணீல போடறே?" என்றாள்.

சொன்னதோடு விடவில்லை. வாஷிங் மெஷினுக்குள் கையை விட்டு, பஞ்சு சேரும் வலைப்பையை உருவி வந்து என் முன்னால் கவிழ்த்தாள். ஈரமாக, சாம்பல் நிறத்தில், செத்த எலிக்குஞ்சு மாதிரி ஒரு உருண்டை. "இதென்னன்னு தெரியுமா கண்ணு? உன்ற வேட்டிதான். பாதிய நீ கட்டியிருக்கறே. மீதி இதுக்குள்ள இருக்குது." துணி உடுத்தித் தேய்வதைவிடத் துவைத்துத் தேய்வதுதான் அதிகம் என்பது அவள் கட்சி. வியர்க்காத சட்டையை நிழலில் காற்றாடப் போட்டால் போதும். பவானி ஜமக்காளத்தை அவள் தண்ணீரில் முக்கி நான் பார்த்ததே இல்லை. வெயிலில் விரித்து, தடியால் நாலு தட்டு. அவள் கல்யாணத்துக்கு வந்த ஜமக்காளம் இன்றும் விருந்தாளிக்கு விரிக்கிறோம். அதில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை.

ஆனால் யூடியூப் பார்த்தவன் சும்மா இருக்க முடியுமா? ஏதாவது செய்தாக வேண்டுமே.

முதலில் ஒட்டுப்போடுவதில் இறங்கினேன். ஜப்பானில் சஷிகோ என்று ஒரு தையல். கிழிசலை மறைக்காமல், நீலத்துணியின்மேல் வெள்ளை நூலால் பளிச்சென்று தெரிகிற மாதிரி கட்டம் கட்டமாகத் தைக்கிறார்கள். பார்க்கக் கோலம் மாதிரி இருக்கும். என் கருநீலப் பேண்ட்டின் முழங்காலில் மூன்று நாள் உட்கார்ந்து தைத்தேன். கோலம் வரவில்லை, அப்பெண்டிசைட்டிஸ் ஆபரேஷன் தழும்பு வந்தது. அதைப் போட்டுக்கொண்டு சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். சம்பந்தி முறையுள்ள ஒருவர் தூணோரமாகத் தள்ளிக்கொண்டு போய், "ஏனுங்க மாப்ள, பென்ஷன் இன்னும் செட்டில் ஆகலீங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் என் மனைவி. வீட்டுக்கு வரும் வரையில் அவள் பேசவில்லை. வந்தபின் பேசினாள்.

அடுத்தது சாயம். இங்கே கொஞ்சம் ஊர்க்கதை சொல்ல வேண்டும்.

நாங்கள் ஈரோட்டுக்காரர்கள். இந்தப் பக்கம் பவானி ஜமக்காளம், அந்தப் பக்கம் சென்னிமலைப் பெட்ஷீட், இன்னும் கொஞ்சம் தள்ளினால் திருப்பூர்ப் பனியன். துணிதான் எங்களுக்குச் சோறு. அந்தச் சோற்றில் கொஞ்சம் சாயமும் கலந்திருந்தது. நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் பாசனத்துக்கென்று கட்டினார்கள். கடைசியில் அதில் தேங்கியது திருப்பூர்ச் சாயக்கழிவு. தண்ணீருக்கு ஏங்கிய விவசாயிகளே, ஐயா சாமி, திறந்துவிடாதீர்கள் என்று கும்பிட்ட அணை அதுவாகத்தான் இருக்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு என்ற பேச்சு நிஜமாயிற்று. இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவன், இயற்கைச் சாயம் என்ற சொல்லைக் கேட்டதும் உருகாமல் என்ன செய்வான்?

மஞ்சளுக்கு ஈரோட்டில் பஞ்சமா?

அரைக்கிலோ மஞ்சள்தூளைப் பெரிய போசியில் கொதிக்கவைத்து, வீட்டிலிருந்த நல்ல வேட்டி ஒன்றை முக்கினேன். அந்தக் காலத்துச் சாயக்காரர்கள் சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்குவம் வைத்திருந்தார்கள். கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைப்பது, படிகாரம் சேர்ப்பது என்று பல நாள் வேலை. வீடியோவில் அதையெல்லாம் விளக்கினார்கள். அந்த இடத்தை நான் ஓட்டிவிட்டுப் பார்த்தேன்.

வேட்டி தங்கமாக வந்தது. கட்டிக்கொண்டு தெருவில் ஒரு சுற்று வந்தேன். எந்த மாரியம்மனுக்கு வேண்டுதல் என்று மூன்று பேர் கேட்டார்கள். அதைத் தவிரக் குறையொன்றும் இல்லை.

மறுநாள் காலை என் மனைவி போட்ட சத்தத்தில் நான் பாதிச் சவரத்தோடு ஓடினேன். துவைக்கிற கல்லின்மேல் வேட்டி ரத்தச் சிவப்பாகக் கிடந்தது. அவள் கையில் சோப்புக்கட்டி. விரலெல்லாம் சிவப்பு. யாரையோ தீர்த்துக்கட்டிவிட்டு ஆயுதத்தோடு நிற்பவள் மாதிரி நின்றாள். அடுத்த முறை நான்தான் என்று பார்வையில் தெரிந்தது.

அம்மா மெதுவாக வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, ஆரத்தித் தட்டு எப்பிடிச் செவக்குதுன்னு நெனச்சே? குங்குமத்தையா கொட்டறம்? மஞ்சத் தண்ணீல துளி சுண்ணாம்பு. சோப்பும் அந்த மாதிரித்தான்."

ஊரில் இதுவரை எனக்கு எத்தனை ஆரத்தி சுற்றியிருக்கிறார்கள்! தட்டில் காசு போடுவதில் காட்டிய கவனத்தை ஒருதரம் நிறத்தில் காட்டியிருக்கலாம். மஞ்சள் காரத்தைக் கண்டால் சிவக்கும். புளிப்பைக் கண்டால் பழையபடி மஞ்சளாகும். அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை அரிந்து பிழிந்தாள். விழுந்த இடமெல்லாம் பொட்டுப்பொட்டாக மஞ்சள் திரும்பியது. பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாளை நீலம் சிவப்பென்று உருப்போட்ட எனக்கு, 59 வயதில், துவைக்கிற கல்லில் கெமிஸ்ட்ரி புரிந்தது. ஆனால் வேட்டி முழுவதற்கும் ஒன்பது பழம் ஆயிற்று. அன்றைய விலையில் அந்தக் காசுக்கு ஒரு துண்டு வாங்கியிருக்கலாம்.

நான் விடவில்லை. அமெரிக்காவில் அறுபதுகளில் மெட்ராஸ் கட்டம்போட்ட துணி வெகுபிரபலம். துவைக்கத் துவைக்கச் சாயம் போகும். விற்றவர்கள் அதையே பெருமையாக்கி, சாயம் போவதற்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். இதை மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். "அப்படீன்னா இதையும் பார்சல் கட்டி அமெரிக்காவுக்கே அனுப்பிச்சுருங்க" என்றாள்.

அதற்குள் சூரியனும் தன் பங்குக்கு வந்தது. மஞ்சளுக்கு வெயில் ஆகாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அல்லது ஓட்டிவிட்ட இடத்தில் சொல்லியிருப்பார்கள். கொடியில் இரண்டாக மடித்துப் போட்ட வேட்டி நாலு நாளில், வெயில் பட்ட பக்கம் வெளுத்தும் படாத பக்கம் மஞ்சளாகவும், நடுவில் கொடி வைத்த கோட்டோடு நின்றது.

தெருவுக்கு வரும் பாத்திரக்காரரிடம் தள்ளிவிடலாம் என்று காட்டினேன். அவர் அதை விரித்துப் பார்த்து, மடித்து, மரியாதையாக என் கையிலேயே கொடுத்தார். ஒரு டீ வடிகட்டிகூடப் பெயரவில்லை. திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழுகிற துண்டுத்துணியையே வீணாக்குவதில்லை. நிறவாரியாகப் பிரித்து, பஞ்சாக்கி, ஓப்பன் எண்ட் மில்லில் மறுபடி நூலாக நூற்கிறார்கள். துணியிலேயே நிறம் இருப்பதால் புதிதாகச் சாயம்கூட வேண்டாம். ஆனால் அங்கே பிரிக்கிற பெண்கள் என் வேட்டியை எந்தக் குவியலில் போடுவார்கள்?

மனைவி என் பழைய பாலியெஸ்டர் சட்டைகளைக் கரித்துணியாக்கலாமே என்றாள். அதற்கும் அம்மா ஒப்பவில்லை. அது தண்ணீரை உறிஞ்சாது, சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டும். துவைக்கும்போது அதிலிருந்து உதிர்வதும் பிளாஸ்டிக் இழைதான். சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகும். அந்தச் சட்டைகளை நான் கிழிகிற வரைக்கும் போட்டே தீர்க்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவை கிழிகிற ஜாதி இல்லை. எனக்குப் பிறகும் இருக்கும்.

போன மாதம் எதிர்வீட்டு மருமகளுக்குப் பேறுகாலம் நெருங்கியது. பிறந்த குழந்தையைப் பழைய வேட்டியில்தான் ஏந்த வேண்டும்; எத்தனை விலை கொடுத்தாலும் அந்த மென்மை கடையில் கிடைக்காது. "பழைய வேட்டி இருந்தாக் குடுங்கக்கா" என்று கேட்டு வந்தார்கள். அம்மா பெட்டியைத் திறந்து, துவைத்துத் துவைத்துப் பூவாகிவிட்ட மூன்று வேட்டிகளை எடுத்தாள். அப்பா கட்டியவை. நான் என்னுடையதையும் மேலே வைத்தேன்.

அம்மா அதை மட்டும் தனியே எடுத்துக் கீழே போட்டாள். "சோப்புப் போட்டுச் செவந்துச்சுன்னா, புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு ராத்திரியோட ராத்திரியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கீட்டு ஓடுவாங்க. வேண்டாம்."

கோயில், வீட்டுக்கட்டு, வடகம், கரித்துணி எதையும் பார்க்காமல் அந்த வேட்டி நேராகக் கொல்லைக்குப் போயிற்று. 31 வருஷத்தில் இப்படியொரு பதவி இறக்கத்தை நான் பார்த்ததில்லை. தக்காளி இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது.