கொழுப்பைக் கரைப்பவர்

கொழுப்பைக் கரைப்பவர் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண். வங்கியிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அல்லது ஓய்வுக்கு நாள் எண்ணுகிறவர். தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் காணப்படுகிறார். சென்னையின் பூங்காக்களிலும் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையிலும் கூட்டமாகவே காணக் கிடைக்கிறார். ஆளைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது, ஏனெனில் இவருக்குத் தொந்தி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சமையலறையைப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இவருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் மருதம்பட்டைத் தூள், கறிவேப்பிலைப் பொடி, ஆளிவிதை, வெந்தயமும் ஓமமும் கருஞ்சீரகமும் வறுத்து அரைத்த கலவை. ஒவ்வொரு பாட்டிலின் மேலும் துண்டுக் காகிதத்தில் ‘வெ.வ.’ என்று எழுதி ஒட்டியிருக்கும். வெறும் வயிற்றில் என்று பொருள். எந்த மனிதனுக்கும் ஒரு நாளைக்கு ஒரு வெறும் வயிறுதான் வாய்க்கிறது, பாட்டில்களோ ஐந்தாறு. எனவே கஷாயம் குடித்து அரைமணி நேரம் கழிந்தால் வயிறு மறுபடி வெறுமையாகிவிடும் என்ற விதியை இவரே வகுத்துக்கொண்டு, விடியற்காலை ஐந்து மணி முதல் தவணை முறையில் விழுங்குகிறார்.

இவர் பிறப்பது ஆய்வக அறிக்கை கைக்கு வரும் நாளில். தீபாவளிப் பலகாரமும் ஐப்பசிக் கல்யாணங்களும் ஓய்ந்த கையோடு, யாரோ கொடுத்த தள்ளுபடிக் கூப்பனில் மாஸ்டர் செக்கப் செய்துகொள்கிறார். மொத்தக் கொலஸ்ட்ரால் 200-க்குள் இருக்க வேண்டும் என்று காகிதம் சொல்கிறது. இவருக்கு 242, அதுவும் தடித்த எழுத்தில். நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். 40, டிரைகிளிசரைடு 180, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். 166. கடைசி எண் பல ஆய்வகங்களில் நேராக அளக்கப்படுவதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து எழுதுகிறார்கள். 1972 முதல் இந்தச் சூத்திரம் புழக்கத்தில் இருக்கிறது. கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற கரைப்பவர்கள் இதைத் தாங்களே போட்டுப் பார்த்து, விடை சரியாக வந்ததும் கூடுதலாக வருத்தப்படுவதுண்டு.

அடுத்த கட்டம் மருத்துவர். அவர் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று என்று எழுதுகிறார். கரைப்பவர் மருந்துச்சீட்டை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “டாக்டர், ஒரு மூணு மாசம் டைம் குடுங்க. நேச்சுரலாவே கொறச்சுக் காட்டுறேன்” என்கிறார். இதே வாக்கியத்தை அன்று காலையிலிருந்து பலமுறை கேட்டிருக்கும் மருத்துவர், “சரி சார், எண்ணெய்ப் பலகாரத்தக் கொஞ்சம் கொறைங்க” என்று அனுப்பிவைக்கிறார். வாக்கியத்தின் பிற்பகுதி கரைப்பவரின் காதில் விழுவதில்லை.

மறுநாள் காலை பூங்கா. வாசலில் தள்ளுவண்டியில் அருகம்புல், வாழைத்தண்டு, வெள்ளைப் பூசணி, நெல்லி, கற்றாழை எனச் சாறுகள் எவர்சில்வர் தூக்குகளில் நிற்கின்றன. இவர் இரண்டு சுற்று நடக்கிறார். பிறகு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததைப் போல மூன்று மடங்கு நேரம் கொலஸ்ட்ராலைப் பற்றிப் பேசுகிறார். பெஞ்சில் இரண்டு கட்சிகள் உண்டு. செக்குத் தேங்காயெண்ணெய் நல்லது என்பது ஒன்று, கடலையெண்ணெய்தான் என்பது மற்றொன்று. தேங்காயில் கொலஸ்ட்ராலே கிடையாது என்று முதல் கட்சி சத்தியம் செய்கிறது. அது உண்மை, எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லத்தக்க அளவு கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் எல்.டி.எல்.லை ஏற்றிவிடுவது அதுதான். இந்தச் செய்தி பெஞ்சை எட்டும்போது மணி ஏழரை ஆகிவிடுவதால், சபை கலைந்து பொங்கல்-வடைக்குப் புறப்படுகிறது.

இவருடைய மருத்துவத்தில் கூட்டல் உண்டு, கழித்தல் கிடையாது. காலையில் கஷாயம் சேர்ந்ததால் வடை குறைய வேண்டும் என்ற முறை அதில் இல்லை. சொல்லப்போனால், கஷாயம் குடித்தவருக்குத்தான் வடைக்கு முழு உரிமை. “ஏங்க, விடிஞ்சதிலேருந்து அஞ்சு டம்ளர் குடிச்சாச்சு. இந்த நெய்யக் கொஞ்சம் கொறைச்சா என்ன?” என்று மனைவி கேட்டால், “பொங்கல்ல மிளகு இருக்கு, சீரகம் இருக்கு. அதுங்க எதுக்கு இருக்கு?” என்று எதிர்க்கேள்வி வரும். பூண்டு உரிப்பது, மருதம்பட்டையைக் காய்ச்சுவது, காய்ச்சிய பாத்திரத்தின் கறையைத் தேய்ப்பது எல்லாம் அந்த அம்மாளின் பொறுப்பு என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இவருடைய கோட்பாட்டின் வேர் ‘கரைத்தல்’. எண்ணெய்ப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றினால் பிசுக்கு போகிறது. ரத்தக் குழாயும் அப்படித்தான் என்கிறார். ஆனால் குடித்த கஷாயம் ரத்தக் குழாயைக் கழுவிக்கொண்டு ஓடுவதில்லை. இரைப்பைக்கும் குடலுக்கும் போகிறது. உடம்பிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரிக்கிறது. அதில் கல்லீரலுக்கு முக்கிய இடம். ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் கல்லீரல்தான். ஆகவே எந்தப் பொருளும் கொலஸ்ட்ராலைக் குறைக்க வேண்டுமானால் குடலில் வேலை செய்ய வேண்டும், அல்லது கல்லீரலில் வேலை செய்ய வேண்டும்.

குடலில் வேலை செய்பவை உண்டு. கரையும் நார்ச்சத்து குடலில் கொழகொழவென்று ஊறி, அங்கே வரும் பித்த அமிலங்களைப் பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகிறது. புதிதாகப் பித்தம் சுரக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்தாக வேண்டும். ரத்தத்தில் அளவு குறைகிறது. ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளூக்கான் நாளொன்றுக்கு 3 கிராம் கிடைத்தால் எல்.டி.எல். ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையலாம். இசப்கோலும் இதே வேலையைச் செய்கிறது. தாவர ஸ்டெரால் நாளைக்கு 2 கிராம் சேர்த்தால் பத்து சதவீதம் வரை இறங்கலாம். டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர் ஓட்ஸ், இசப்கோல், சோயா, பாதாம், ஸ்டெரால், வெண்டைக்காய், கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒரே உணவுத் திட்டத்தில் சேர்த்து, 2003-இல் எல்.டி.எல்.லை ஏறத்தாழ 29 சதவீதம் இறக்கிக் காட்டினார்கள். வெண்டைக்காயும் கத்தரிக்காயும் என்றதும் கரைப்பவர் நிமிர்ந்து உட்காருவார். நெய்யும் முழுப்பாலும் அதில் கழிக்கப்பட்டிருந்தன என்றதும் மறுபடி சாய்ந்துகொள்வார்.

இசப்கோலின் கதி தனி. இவர் வீட்டிலேயே அது இருக்கிறது, ஆனால் ‘வெ.வ.’ தட்டில் இல்லை. குளியலறைப் பக்கத்து மாடத்தில் இருக்கிறது. மலச்சிக்கலுக்குச் சாப்பிடும் சாமானை இதய மருந்தாக ஏற்க இவருடைய கௌரவம் இடம் தருவதில்லை. கசக்க வேண்டும், அல்லது காந்த வேண்டும், அல்லது நாட்டு மருந்துக் கடைக்காரர் பரணிலிருந்து தேடி எடுத்துத் தர வேண்டும். இசப்கோலில் இந்த மூன்றும் இல்லை.

பூண்டில் காந்தல் இருக்கிறது. பூண்டு, இஞ்சி, எலுமிச்சைச் சாறுகளை ஆப்பிள் சிடர் வினிகரோடு சுண்டக் காய்ச்சி, ஆறியபின் தேன் சேர்க்கும் லேகியப்பாகு வாட்ஸ்அப் வழியே இவருக்கு வந்து சேர்கிறது, ‘அடைப்பு நீங்கிவிடும், ஆஞ்சியோ வேண்டாம்’ என்ற உத்தரவாதத்தோடு. பூண்டைப் பற்றி ஆய்வு நடந்திருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் 192 பேருக்கு ஆறு மாதம், வாரத்தில் 6 நாள், பச்சைப் பூண்டையோ பூண்டு மாத்திரையையோ போலி மாத்திரையையோ கொடுத்துப் பார்த்தார்கள். பச்சைப் பூண்டை சாண்ட்விச்சில் வைத்துக் கொடுத்தார்களாம். 2007-இல் வெளியான முடிவு: எல்.டி.எல். அசையவில்லை. நாட்டு மருந்தான குக்கில் பிசினுக்கும் பெயர்தான் பெரிது. 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் அதைச் சாப்பிட்டவர்களின் எல்.டி.எல். நான்கைந்து சதவீதம் ஏறியது. பின்னர் கிளீவ்லாந்தில் 190 பேருக்கு 28 நாள், மீன் எண்ணெய், இலவங்கப்பட்டை, பூண்டு, மஞ்சள், ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆகியவற்றை, 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாட்டின் மாத்திரையோடு போட்டியிட வைத்தார்கள். மாத்திரை எல்.டி.எல்.லை ஏறத்தாழ 38 சதவீதம் இறக்கியது; மற்ற ஆறும் போலி மாத்திரையைத் தாண்டவில்லை. “செலவு பண்ணது மாத்திரைக் கம்பெனிதானே?” என்று கரைப்பவர் கேட்பார். நியாயமான கேள்வி, செலவு செய்தது அந்த மாத்திரையை விற்கும் நிறுவனமேதான், 28 நாள் குறுகிய காலமும்தான். ஆனால் இந்தக் கூர்மையை இவர் வாட்ஸ்அப் லேகியத்தின் மேல் ஒருபோதும் திருப்புவதில்லை.

சிவப்பு ஈஸ்ட் அரிசி, நியூஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வரும் மகன் மூலம் குப்பியில் வருகிறது. மாப்பிள்ளைச் சம்பாவின் மாத்திரை வடிவம் என்று நினைத்து இவர் மகிழ்ச்சியோடு விழுங்குகிறார். அது அரிசியில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்துச் செய்வது. அதிலுள்ள மோனகோலின் கே, வேதியியல்படி லோவாஸ்டாட்டின் மாத்திரையேதான். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையின் இனமான ஸ்டாட்டின்களின் பூர்வீகமும் பூஞ்சைதான்: ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கியோட்டோவின் தானியக் கடை அரிசியில் இருந்த ஒன்றிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தார். லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. மாத்திரையில் அளவு நிச்சயம். குப்பியில் நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறும், சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற நஞ்சும் கலந்திருந்ததுண்டு. 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு நாள் அளவில் மோனகோலின் 3 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று விதித்தது. ‘கெமிக்கல் வேண்டாம்’ என்று மறுத்த கெமிக்கலையே இவர் எடை தெரியாமல் சாப்பிடுகிறார்.

மாத்திரைமீதான பயத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதன் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள். தசைவலி வரலாம் என்று அதில் படித்த இரவே இவருக்குக் கெண்டைக்கால் இழுக்கிறது. ஸ்டாட்டினால் நிஜமாகவே தசைவலி வருகிறவர்கள் உண்டு. ஆனால் 2020-இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வில், பக்கவிளைவு என்று மாத்திரையை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் ஸ்டாட்டினும் சில மாதம் போலி மாத்திரையும் கொடுத்தபோது, வந்த தொல்லையில் ஏறத்தாழ 90 சதவீதம் போலியிலும் வந்தது.

மூன்று மாதம் கழித்து இரண்டாம் அறிக்கை: 229. எந்த மருந்தும் இல்லாமலே ஒருவரின் அளவு ஒரு சோதனைக்கும் மறு சோதனைக்கும் ஐந்து, பத்து சதவீதம் ஏறி இறங்கும். தீபாவளியும் கடந்து போய்விட்டது. பெருமை மருதம்பட்டைக்குப் போகிறது. அடுத்த அறிக்கையில் 247 வந்தால் பழி மருதம்பட்டைமேல் விழாது. நாட்டு மருந்துக் கடைக்காரர் கலப்படச் சரக்கைக் கொடுத்துவிட்டார்.

பூங்கா நண்பர்களில் ஒருவருக்கு ஸ்டென்ட் வைத்த செய்தி வந்ததும் இவர் மடித்து வைத்த மருந்துச்சீட்டைத் தேடுகிறார். மருத்துவர் இந்த முறை தெளிவாகச் சொல்கிறார்: “வெந்தயம் சாப்பிடுங்க, ஓட்ஸ் சாப்பிடுங்க, இசப்கோலும் நல்லதுதான். ராத்திரி மாத்திரையும் போடுங்க. ரத்தம் உறையாம இருக்க ஏற்கெனவே மாத்திரை போடுறீங்கல்ல, அதனால அந்தப் பூண்டு லேகியத்த மட்டும் விட்டுடுங்க.” பூண்டு அதிகமானால் அந்த மாத்திரையோடு சேர்ந்து ரத்தக்கசிவுக்கு வாய்ப்பு உண்டு என்பது காரணம். இவர் கேட்டுக்கொள்கிறார். மூன்றாவது மாதம் எல்.டி.எல். 98. அறிக்கை மறுநாள் காலை பூங்கா பெஞ்சில் கைமாறுகிறது. மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. புதிதாக 238-உடன் வந்து சேர்ந்திருக்கும் பேராசிரியருக்கு வெந்தயத்தை எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார்.