மௌனம் சண்டைக்கு அறிகுறி

லண்டன் ஹரோவில் எங்களுடையது செமி டிட்டாச்ட் வீடு. ஒரு சுவர் இரண்டு குடும்பத்துக்கும் பொது. அந்தப் பக்கத்து வெள்ளைக்காரப் பெரியவர் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். சனிக்கிழமை காலையில் மனுசி உரலில் சம்பல் இடித்தால் அவருக்குக் கேட்கும். இவ்வளவு நெருங்கியிருந்தும் 11 வருடமாக நாங்கள் கதைத்தது மழையைப் பற்றி மட்டும்தான்.

குசினியைப் பின்னுக்கு ஆறு மீட்டர் நீட்ட வேண்டும் என்று மனுசி தீர்மானித்தாள். எங்கள் மாதிரி வீட்டில் 3 மீட்டர் வரை என்றால் பெரும்பாலும் கேள்வி இல்லை. 6 மீட்டர் என்றால் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். அவர்களே அயலவருக்குக் கடிதம் போட்டு 21 நாள் தவணை கொடுப்பார்கள். ஒருவரும் மறுக்காவிட்டால் கட்டலாம். பெரியவர் மூச்சுக் காட்டவில்லை. மௌனம் சம்மதம்! இங்கிலாந்துக்காரனும் எங்கள் பழமொழியை வைத்துத்தான் ஆட்சி நடத்துகிறான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

கட்ட வந்த பாஸ் கேட்டார்: “அண்ணை, பார்ட்டி வோல் நோட்டீஸ் குடுத்திட்டியளோ?”

பார்ட்டி என்றதும் மனுசி, “ரோல்ஸ் எத்தனை வேணும்?” என்றாள்.

பார்ட்டி வோல் என்றால் பொதுச் சுவர்; அதற்கென்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள், அதன் அத்திவாரத்தைவிட ஆழமாகக் கிண்டுவதென்றால் ஒரு மாதத்துக்கு முதலே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பொதுச் சுவரிலேயே கை வைப்பதென்றால் இரண்டு மாதம். சரி, கொடுப்போம். ஆனால் 14 நாளுக்குள் அவர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால், எங்கள் இருவருக்கும் தகராறு என்று சட்டம் முடிவுகட்டிவிடும். மழையைப் பற்றிக் கதைக்கும் மனிதரோடு எனக்கு என்ன தகராறு? அதோடு விடாது. சர்வேயர் ஒருவரை வையுங்கள் என்று அவருக்கு மறுபடி எழுத வேண்டும். அதற்கும் 10 நாள் பேசாமல் இருந்தால், அவருக்கான சர்வேயரை நானே வைக்கலாம். என்னோடு வாதாட ஆள் பிடித்துக் கொடுப்பதும் நான், காசு கட்டுவதும் அநேகமாக நான்.

ஊரில் இந்தக் கரைச்சல் இல்லை. வேலி அடைக்க முதல் அப்பா கதியாலோடு எல்லையில் நின்று இரண்டு தரம் இருமுவார். அதுதான் நோட்டீஸ். அடுத்த வளவிலிருந்து ஐந்து நிமிடத்தில் பதில் வரும். சொற்களை இங்கே எழுத முடியாது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் கொண்டுவந்த, தேசவழமை என்ற எங்கள் ஊர் வழக்கச் சட்டமும், காணி விற்க முதல் உரித்தாளிக்கும் பங்காளிக்கும் ஒத்தி வைத்திருக்கும் பக்கத்துக் காணிக்காரனுக்கும் சொல்லிவிடு என்றது. சொன்னால் மௌனமாக இருப்பான் என்ற யோசனையே அவர்களுக்கு வந்திருக்காது.

நோட்டீஸ் கொடுத்த பதின்மூன்றாம் நாள் சம்மதக் கடிதத்தையும் பேனையையும் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். “இன்றைக்கு மழை வரும்போல” என்றார். வரும் என்று ஒத்துக்கொண்டேன். உள்ளே குளிர்சாதனப் பெட்டியில் கவுன்சில் கடிதமும் என் நோட்டீசும் ஒரே காந்தத்துக்குக் கீழே, ஓரம் மடங்காமல் தொங்கின.

“எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் பதில் எழுதவில்லை” என்றபடி கையெழுத்துப் போட்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. வேலையை நீங்கள் இனித்தான் தொடங்கப்போகிறீர்களா? 11 வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் இடிக்கிற சத்தம் கேட்கிறதே?”