கொசுக்கடி இல்லாத ஊர்

ராத்திரி படுக்கும் முன் ஒரு நல்ல சேதி படித்துவிட்டுத் தூங்க ஆசை. செய்தித்தாளில் கிடைக்காது என்பதால் அறிவியல் புனைகதையில் தேடினேன். நிபந்தனை இரண்டுதான்: வருங்காலம் நன்றாக இருக்க வேண்டும், நான் இருக்கும்போதே வந்து சேரும் என்று நம்பும்படியும் இருக்க வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள் இதைவிட அதிகம் கேட்பார்கள்.

சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்ற அருமையான இயந்திர நாயைக் கொடுத்தார். கூடவே ஒரு சர்வாதிகாரியையும் கொடுத்துவிட்டார்.

நண்பர் ஒருவர், “நம்பிக்கை ஊட்டும், படிங்க” என்று கிம் ஸ்டான்லி ராபின்சன் 2020இல் எழுதிய ‘தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃபியூச்சர்’ நாவலைக் கொடுத்தார். முதல் அத்தியாயமே உத்தரப் பிரதேசத்தில் வெப்ப அலை. ஏரியில் இறங்கினவர்களும் ஒருவரைத் தவிரப் பிழைக்கவில்லை. நான் படித்ததோ அக்கினி நட்சத்திரத்தில், கரண்ட் போன மத்தியானம். போன் போட்டேன். “அதைத் தாண்டிடுங்க சார், அப்புறம் சரியாயிடும்.” தாண்டினேன். கரியமில வாயுவைக் காற்றில் கலக்கவிடாமல் காப்பவர்களுக்கென மத்திய வங்கிகள் கூடித் தனி நாணயமே வெளியிடுகின்றன. சந்தோஷம். எங்கள் வங்கிக் கிளையில் பாஸ்புக் அச்சடிக்கும் மிஷின் ஆறு மாதமாக “நாளைக்கு வாங்க” என்கிறது.

ஆண்டி வியரின் ‘தி மார்ஷியன்’ பரவாயில்லை. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவர் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கிறார். எரு சொந்தத் தயாரிப்பு. முழுசாக நம்பினேன்; பக்கத்து நிலத்துக்காரரே இல்லாத ஊரில் வரப்புத் தகராறு ஏது?

கடைசியில் கிடைத்தது வங்காளத்து ரொக்கேயா பேகம் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’. 1905இல் நம் மதராஸிலிருந்து வந்த ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ பத்திரிகையில் அச்சானது. ஈஸிசேரில் சாய்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தேன். மனைவி கீரை ஆய்ந்தபடி கேட்டாள். வெயிலின் சூட்டிலேயே சமையல், புகையே கிடையாது. மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர். கொள்ளைநோய் இல்லை, கொசுக்கடியும் இல்லை.

“மாடியில சோலார் வந்தாச்சு. கொசுதான் பாக்கி” என்றவள், “அங்க ஆம்பளைங்க என்ன பண்றாங்க?” என்று கேட்டாள்.

அந்த இடத்தைத்தான் நைசாகத் தாண்டியிருந்தேன். ஆண்கள் வீட்டுக்குள் இருந்து சமைத்து, பிள்ளை பார்க்கிறார்கள். பெண்கள் ஆபீஸ் வேலையை 2 மணி நேரத்தில் முடிக்கிறார்கள். நம்மூர் ஆண்களுக்கு மட்டும் ஏன் 7 மணி நேரம்? ரொக்கேயா கணக்கே போடுகிறார்: ஒரு சுருட்டு எரிய அரை மணி, நாளைக்கு 12 சுருட்டு, ஆக 6 மணி நேரம் புகையாகவே போகிறது. நான் தேடிய நம்பகத்தன்மை இங்கேதான் இருந்தது. சுருட்டுக்குப் பதில் டீ என்று போட்டால் எங்கள் ஆபீஸ்.

“120 வருஷமா இது மெட்ராஸ்ல கிடக்குது. ஒருத்தரும் என்கிட்ட சொல்லல!” கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். முறம் என் மடிக்கு வந்தது.

“தண்டை எதுவரைக்கும் கிள்ளணும்?” என்று கேட்டேன்.

“சும்மா இருங்க, சுருட்டுக் கணக்கு வருது.”