ஒண்ணுக்குப் போனியா ஆத்தா?

நான் நர்சாக இருந்த காலத்தில், மேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மெஷின் என்றால் என் நடுவிரல்தான். பிள்ளை பெற்றவளின் அடிவயிற்றில் இடது விரலைப் பதித்து வலது விரலால் தட்டுவேன். 'மத்'தென்று கேட்டால் மூத்திரப்பை நிறைந்திருக்கிறது. கர்ப்பப்பை தொப்புளுக்கு மேலே ஏறி ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்படி நிறைந்து கிடந்தால் கர்ப்பப்பை சுருங்காது, ரத்தம் நிற்காது. அப்புறம் வாடகைக் காரில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டம்தான். 108 வந்ததே 2008-ல்.

வைத்தியம்? குழாயைத் திறந்துவிடுவோம், தண்ணீர்ச் சத்தத்தில் தானாக வருமென்று. சித்திரையில் எங்கள் குழாயில் காற்றுதான் சத்தம் போடும். உடனே ஆயாம்மா சொம்பிலிருந்து வாளிக்கு ஊற்றிக் காட்டுவார். அதற்கும் வரவில்லையென்றால் ரப்பர் டியூப்.

ஒலியை உள்ளே அனுப்பி வயிற்றுக்குள் பார்க்கலாம் என்று கிளாஸ்கோவில் இயன் டொனால்டு 1958-லேயே லான்செட்டில் எழுதிவிட்டார். அந்த ஒலி மேலூர் ரோட்டுக்கு வந்துசேரத்தான் நாளாகிவிட்டது.

இப்போது அண்ணன் பேத்திக்கு மதுரையில் பிரசவம். முதுகில் ஊசி போட்டு வலி தெரியாமல் பெற்றாள். வலி தெரியாத இடத்தில் முட்டுவதும் தெரியாதாம். ஆறு மணி நேரமாகியும் போகவில்லையென்றால் கவனிக்க வேண்டும். போனாலும் நம்பிவிட முடியாது. "இப்பத்தானே டாக்டர் போயிட்டு வந்தேன்" என்றாள் இவள். அது நிறைந்து வழிந்த சொட்டு.

டாக்டர் பொண்ணு ஜெல்லைத் தடவி, நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, அதை 0.52-ஆல் பெருக்கினாள். போய்விட்டு வந்த பிறகு 150 மில்லிக்கு மேல் நின்றாலே கணக்கில் சேர்த்தி. இவளுக்கு 600-ஐத் தாண்டியிருந்தது. மெஷினுக்கு மேலே, 'ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம்' போர்டு. பெண்சிசுக் கொலையில் உசிலம்பட்டியால் ஒரு காலத்தில் கெட்ட பேர் எடுத்த சீமை. 1994 சட்டத்துக்குப் பிறகு போர்டு இல்லாமல் மெஷின் கிடையாது. பொம்பளைப் பிள்ளைதான் என்பது தொட்டிலில் கத்திக்கொண்டிருந்தது.

இவளுடைய மாமியார் கெட்டிக்காரி. பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாதென்று, காலையிலிருந்து வாய் நனையும் அளவுக்குத்தான் கொடுத்திருந்தார். கர்ப்பத்தில் தேங்கிய நீரைத்தான் உடம்பு இப்போது இறக்குகிறது, குடிக்காவிட்டாலும் மூத்திரப்பை நிறையும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினாள்.

டியூப் போட்டதும் பையில் 700 ஏறியது. மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுத் தண்ணி உள்ள கெடக்கு! நான்தேன் அப்பமே சொன்னேன்ல, குடிக்கக் குடுக்காதீகன்னு."