உள்ளங்கை அகல இடைவெளி

கேள்வி: சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சரக்கு ரயில் ஓடுகிறதாமே, வழியெல்லாம் ஒரே ரயில்தானா?

பதில்: சரக்குதான் ஒன்று, ரயில் மாறும்! சீனத் தண்டவாளத்தின் அகலம் 1,435 மி.மீ.; கஜகஸ்தானில் 1,520. வித்தியாசம் வெறும் 85 மி.மீ., நம் உள்ளங்கை அகலம். அதற்காக இவ்விரு நாடுகளின் கோர்கோஸ் எல்லையில் கன்டெய்னர் ஒவ்வொன்றையும் கிரேன் தூக்கி அடுத்த ரயிலில் வைக்கிறது. போலந்து எல்லையில் மறுபடி 1,435, மறுபடி கிரேன்!

சரக்கு ஒருபுறம் இருக்க, 2008-இல் பெய்ஜிங்–தியான்ஜின் அதிவேகப் பாதையைத் திறந்த சீனாவிடம் இன்று 40,000 கி.மீ.க்கு மேல் அத்தகைய பாதை இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது, 2021-இல் திறந்த லாவோஸ் பாதை. அதைச் சீனாவின் 1,435 மி.மீ. அகலத்திலேயே போட்டார்கள். சீனாவின் குன்மிங்கிலிருந்து லாவோஸின் வியந்தியான் வரை அதே ரயில். எல்லையில் இறங்கி ஏற வேண்டியது, பாஸ்போர்ட் வைத்திருக்கும் மனிதர்கள் மட்டும்தான்.